வீட்டுல கட்டுற கறுப்பு வெள்ளை டிவி: ஆக்கள் அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் மட்டக்களப்பு கல்லடிக்காரன். சோறு போடுற தொழில் வேற, டிவி கட்டுறது பின்னேரத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும்தான். இதுவரைக்கும் நாலு கட்ட வெளிக்கிட்டிரிக்கன், அதுல ரெண்டு ஓடுது, ஒண்டு ஓடும் எண்டு நம்பிக்கிட்டு இரிக்கன், மத்தது செத்துப் போச்சி, அதின்ட கதை கீழ வருகுது. வீட்டுக்கு வாற ஆக்களும் சரி, கல்முனை, காத்தான்குடிப் பக்கமிருந்து போன் எடுக்குற தம்பிமாரும் சரி, திருப்பித் திருப்பி இதுகளைத்தான் கேக்காங்க. அதால ஒரேயடியா எழுதி வெக்கன்.

நல்ல கலர் டிவியே கடையில கிடக்கு, என்னத்துக்கு இந்த வேலை?

1996 மார்ச் 17, லாகூர்ல கிரிக்கெட் உலகக்கிண்ண பைனல். எங்கட பக்கம் அப்ப கரண்ட் நம்பேலாது, ஒழுங்கைக்கே ஒரு டிவி, 12 இஞ்சி கறுப்பு வெள்ளை, அதுவும் பெட்டரியில. முத்தத்துல தூக்கி வெச்சி நாப்பது ஐம்பது பேர் பாக்கம். அவுஸ்திரேலியாக்காரன் மஞ்சள் உடுப்பு, நம்மட ஆக்கள் நீலம், ஆனா எங்களுக்கு அவங்க வெள்ளையாவும் நம்மாக்கள் கரியாவும் தெரிஞ்சாங்க. நம்மட அரவிந்த டி சில்வா நூறைத் தாண்டுற நேரம் பாத்து படம் ரெண்டு பக்கத்தாலயும் சுருங்கத் தொடங்கிச்சி, கறுப்புக் கரை அகண்டு அகண்டு வருகுது, நடுவுல மனிசர் ஒல்லியாகிக்கிட்டே போறாங்க. பக்கத்து வீட்டு அண்ணன் ஓடிப்போய் உழவு மெசின்ட பெட்டரியைக் கழட்டிக்கிட்டு வந்து மாத்தினாரு, மாத்தி முடிய ரெண்டு ஓவர் போயிட்டு, அவருக்கு விழுந்த ஏச்சு இண்டைக்கும் ஞாபகம் இரிக்கி. அரவிந்த 107 ஓட்டத்தோட அவுட் ஆகாம நிண்டாரு, 7 விக்கெட்டால வெண்டம்.

எல்லாரும் வெடி கொளுத்துறாங்க, எனக்கு ஒரே யோசினை: பெட்டரி இறங்கினா வெளிச்சம்தானே குறையணும், படம் ஏன் சுருங்குது? அந்தக் கேள்விதான் என்னை இதுக்குள்ள இழுத்துப் போட்டது. பதில் படத்தை இடம் வலமா இழுக்குற லைன் ஸ்டேஜுக்குள்ள கிடக்கு, கீழ சொல்லுறன்.

கலர்ப் படம் கறுப்பு வெள்ளையில எப்பிடி வருகுது? மஞ்சள் ஏன் வெள்ளையாகுது?

கலர் சிக்னலுக்குள்ளேயே வெளிச்சத்துக்கு எண்டு தனி ஒரு பங்கு இரிக்கி, பழைய டிவி அதை மட்டும்தான் எடுக்கும். அந்தப் பங்கை ஆக்குறது இப்பிடி: சிவப்புல 30 வீதம், பச்சையில 59 வீதம், நீலத்துல வெறும் 11 வீதம். மஞ்சள் எண்டா சிவப்பும் பச்சையும் சேந்தது, 89 வீதம் வந்திரும், கிட்டத்தட்ட வெள்ளை. நீலத்துக்கு 11தான், அதால கரி. மிச்சக் கலர்த் தகவல் 4.43 மெகாஹேர்ட்ஸ்ல வரும், நல்ல கூரான படம் காட்டுற பெட்டியில அது சின்னச் சின்னப் புள்ளியா எறும்பு மாதிரி ஊரும், பழுது எண்டு நினைச்சி கழட்டாதீங்க.

வீட்டுல கட்டுற எண்டா என்னத்தைச் சொல்லுறீங்க, படம் தெரியுற கண்ணாடி டியூப்பையும் நாமளா ஊதிச் செய்யுற?

இல்ல தம்பி, டியூப் ஊதுறது நம்மால ஏலாது. கட்டுறதுல சில வழி இரிக்கி. ஆகச் சுகமானது பழைய வீடியோ கமெராவுல கண்ணை வெச்சிப் பாக்குற இடம் இருக்கே, அதுக்குள்ள நகம் அளவு கறுப்பு வெள்ளை டியூப்பும் போர்டும் முழுசா இரிக்கி, சரியான வோல்டைக் கண்டுபிடிச்சி குடுத்து வீடியோ வயரைக் கொழுவினா படம் வந்திரும், முன்னால ஒரு பூதக்கண்ணாடி. ஒரு பின்னேரத்து வேலை. ஆனா அதைக் கட்டினன் எண்டு சொல்ல எனக்கு வெக்கம். மத்தது துளைத் தட்டு டிவி, அதுக்கு டியூப்பே வேணா. மறுகா ஒசிலோஸ்கோப் (மின் அலையைத் திரையில காட்டுற மெசின்) டியூப்புல கட்டுறது. கடைசி, பழைய 12 அல்லது 14 இஞ்சி டியூப்பை எடுத்து அதுக்குச் சுத்திவர போர்டை நாமளே கட்டுறது, என்ட மேசையில கூடுதலாக் கிடக்குறது அதுதான்.

முதல் தரம் செய்யுறவன் எதுல தொடங்கலாம்?

துளைத் தட்டுல. கரண்ட் அடிக்கிற பயம் இல்ல, பிள்ளையளும் பக்கத்துல இருந்து பாக்கலாம். தட்டு சுத்துற நேரம் ஒவ்வொரு துளையும் படத்துல ஒவ்வொரு கோட்டை இழுக்கும். 1884ல நிப்கோ எண்ட ஜெர்மன்காரன் யோசிச்ச தட்டு அது, 1926 ஜனவரி 26ல லண்டன்ல ஜோன் லோகி பெயர்ட் ஆக்களுக்குக் காட்டின டிவியும் தட்டு சுத்தின டிவிதான். பிறகு 30 கோட்டுப் படத்தை பிபிசியே கொஞ்ச வருசம் அனுப்பிச்சி, அங்கத்த ஆக்கள் சாமான் வாங்கி வீட்டுல பூட்டிப் பாத்திரிக்காங்க.

இப்ப ஆர்வக்காரர் பாவிக்கிறது 32 கோடு, செக்கனுக்கு பன்னெண்டரைப் படம். அப்ப தட்டு நிமிசத்துக்கு 750 தரம் சுத்தணும். கறுப்பு மட்டையில 30 சென்ரிமீட்டர் வட்டம் வெட்டி, ஓரத்துல 32 துளையை நத்தை ஓட்டுச் சுருள் மாதிரி ஒவ்வொண்டா உள்ளுக்குத் தள்ளித் தள்ளிப் போடணும். மையத்துல இருந்து 14 சென்ரிமீட்டர் எண்டு வெச்சா சுத்தளவு 88, அதை 32ஆல பிரிச்சா 2.75 சென்ரிமீட்டர், அதுதான் படத்துட உயரம். அகலம் அதுல மூண்டுல ரெண்டு, ஏறக்குறைய 1.8. அதை 32 கோட்டுக்குப் பிரிச்சா துளை 0.6 மில்லிமீட்டருக்குள்ள வரும், தையல் ஊசி கணக்கு. முத்திரையை விடச் சின்னப் படம்தான், ஆனா உருவம் தெரியும், வாய் அசையுறது தெரியும்.

துளை எண்ணுறது லேசி, இடம் வெக்கிறதுதான் கரைச்சல். ஒரு துளை மயிரளவு விலகினா படத்துல நிரந்தரமா ஒரு கறுப்புக் கோடு, ரெண்டு துளை ஒண்டுக்கொண்டு ஏறினா வெள்ளைக் கோடு. நான் மூண்டு தட்டு எறிஞ்சி போட்டுத்தான் நாலாவதை வெச்சிக்கிட்டன்.

தட்டுக்குப் பின்னால முந்தி நியோன் விளக்கு, இப்ப எல்ஈடி, அதுக்கும் தட்டுக்கும் நடுவுல ஒரு எண்ணெய்த் தாள். சிக்னல் 10 கிலோஹேர்ட்ஸ் அளவுதான், அதால படத்தை பாட்டு மாதிரியே போன்ல சேமிச்சி வெச்சி ஓட விடலாம், ஒரு காதுப் பக்கத்துல படம், மத்தப் பக்கத்துல சத்தம். எம்பி3 ஆக்காதீங்க, காதுக்குத் தெரியாத இடத்தை அது வெட்டும், கண்ணுக்கு அது தெரியும். படம் இடம் வலம் மாறி வந்தா தட்டைத் திருப்பி மாட்டுங்க, தலைகீழா வந்தா மோட்டர் சுத்துற பக்கத்தை மாத்துங்க.

ஒசிலோஸ்கோப் டியூப்புல படம் ஏன் பச்சையா வருகுது?

அந்த டியூப்புட முகத்துக்கு உள்ளால பூசின பொஸ்பர், அதான் எலக்ட்ரோன் பட்டா ஒளிருற பூச்சு, அப்பிடி. ரெண்டாம் உலக யுத்தம் முடிஞ்ச கையோட இங்கிலாந்துல ரேடார்ல இருந்து மிஞ்சின விசிஆர் 97 எண்ட 6 இஞ்சி டியூப் மலிவா வந்திச்சி, அங்க எத்தனையோ பேர் முதல் பாத்த டிவி அந்தப் பச்சைப் படம்தான். சாதாரண டிவி டியூப்புல எலக்ட்ரோன் கத்தையை இழுக்குறது கழுத்துல உள்ள செம்புச் சுருள், இதுல அது இல்ல, உள்ளுக்குள்ள தகடு, அந்தத் தகட்டுக்கு நூத்துக்கணக்கான வோல்ட்ல வாள்பல்லு மாதிரி அலை குடுத்தாத்தான் கோடு இழுக்கும். இன்னொரு வில்லங்கம், எலக்ட்ரோன் வாறதுக்கு சூடு குடுக்குற ஹீட்டர் பக்கமே ரெண்டாயிரம் வோல்ட் மைனஸ்ல நிக்கும், அதால ஹீட்டருக்குப் போற ட்ரான்ஸ்போமர்ட சுத்து அந்தளவைத் தாங்கணும். சாதாரண ட்ரான்ஸ்போமரைக் கொழுவி பொக்கெண்டு எரிச்சவர் ஒருத்தரை எனக்கு நல்லாத் தெரியும், அவர்தான் இதை எழுதுறாரு.

பழைய டியூப் எங்க எடுக்குற? நல்லதா எண்டு எப்பிடிப் பாக்குற?

பழைய இரும்பு வாங்குற ஆக்கள்தான் முதல் இடம். செங்கலடி, ஏறாவூர், அக்கரைப்பற்று எல்லாப் பக்கமும் இரிக்காங்க. வெறும் டியூப் தராதீங்க, பெட்டியோட தாங்க எண்டு கேளுங்க. ஏனெண்டா டியூப், கழுத்துச் சுருள், ப்ளைபேக் (உயர் வோல்ட் ஆக்குற ட்ரான்ஸ்போமர்) மூண்டும் ஒரே பெட்டியில இருந்து வந்தா பாதி வேலை முடிஞ்சி. மூண்டையும் மூண்டு இடத்துல வாங்கினா ஒண்டுக்கொண்டு பொருந்தாம மாசக்கணக்குல மண்டை காயும்.

கடலுக்குக் கிட்ட உள்ள வீடுகள்ட பெட்டிகள் 2004 சுனாமியோட போயிட்டு, அதால உள்பக்கத்து ஊர்ல தேடுங்க, பொலநறுவை ரோட்டுப் பக்கம் எனக்கு நல்ல சாமான் கிடைச்சிரிக்கி. மத்தச் சில்லறைச் சாமானுக்கு கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போகத்தான் வேணும்.

பாக்குறது இப்பிடி: மீட்டரை ஹீட்டர் ரெண்டு காலுக்கும் வெச்சா வயர் தொடர்ச்சி காட்டணும். சரியான வோல்ட் குடுத்தா கழுத்துக்குள்ள செம்மஞ்சளா எரியணும். உயர் வோல்ட் குடுத்த நேரம் கழுத்துக்குள்ள ஊதா வெளிச்சம் பரவினா உள்ளுக்குக் காத்து போயிட்டு, அதோட சரி.

செத்த டியூப் கதை இதுதான். கல்முனையில ஒரு 14 இஞ்சி டியூப் வாங்கி, கடைக்காரர் பேப்பரால சுத்தித் தந்தாரு, பஸ்ஸுல மடியில வெச்சிக்கிட்டு வாறன், களுவாஞ்சிகுடி வரைக்கும் பத்திரம். அங்க ஏறின ஒருத்தர்ட பலாப்பழப் பேக் கழுத்துல பட்டுச்சி. பெரிய சத்தமெல்லாம் இல்ல, ‘ஸ்ஸ்ஸ்’ எண்டு சைக்கிள் டியூப் மாதிரி, ஆனா இது காத்து உள்ளுக்குப் போற சத்தம். பலாப்பழக்காரர் டயர் போயிட்டு எண்டு டிரைவருக்குச் சத்தம் போட்டாரு. இனி டியூப் கொண்டு வாறதெண்டா முகம் கீழ, கழுத்து மேல, பெட்டிக்குள்ள, சுத்திவர பழைய தலகணி.

போர்டை எந்த ஒழுங்குல கட்டுற?

எல்லாரும் படம் எடுக்குற பக்கத்துல தொடங்கி மாட்டுப்படுறாங்க. நான் சொல்லுறது, முதல் பவர், ரெண்டாவது லைன் ஸ்டேஜ், மூண்டாவது மேல கீழ இழுக்குற பீல்ட் ஸ்டேஜ், வெறும் வெள்ளைத் திரை வந்த பிறகுதான் வீடியோ, ஆகக் கடைசி சத்தம்.

லைன்தான் டிவிட இதயம். நம்மட முறையில 625 கோடு, செக்கனுக்கு 25 படம், பெருக்கினா 15625. அத்தனை தரம் ஒரு ட்ரான்சிஸ்டர் திறந்து மூடணும், 12 வோல்ட் பெட்டியில பியு 806 மாதிரி ஒண்டு இரிக்கும். அது மூடுற அந்தக் கணத்துல ப்ளைபேக்ல எழும்புற அடியிலதான் டியூப்புக்கு 10, 12 ஆயிரம் வோல்ட் வருகுது, போகஸ் வருகுது, வீடியோ அம்ப்ளிபயருக்கு வேண்டிய வோல்டும் வருகுது. லைன் நிண்டா எல்லாம் நிண்டுரும். பெட்டரி இறங்கினா படம் சுருங்குறதும் இதாலதான், சுருளுக்குப் போற கரண்ட் குறைய எலக்ட்ரோன் கத்தையை ஓரம் வரைக்கும் இழுக்க அதுக்குப் பெலன் காணாது. 1996ல விளங்காதது, எனக்கு விளங்க பத்து வருசத்துக்கு மேல போயிட்டு.

இன்னொரு விசயம், ட்ரான்சிஸ்டருக்குக் குறுக்க ஒரு கெப்பாசிட்டர் இரிக்கி, அதைக் குறைச்சோ கழட்டியோ ஓட விடாதீங்க. அடி எல்லை மீறி எழும்பி ட்ரான்சிஸ்டரும் போகும், ப்ளைபேக்கும் போகும். முதல் தரம் கரண்ட் குடுக்கைக்க 12 வோல்ட் வயர்ல காரின்ட 21 வாட் சிக்னல் பல்ப் ஒண்டைத் தொடரா போடுங்க, எங்கயாவது ஷோர்ட் எண்டா பல்ப் எரியும், சாமான் தப்பும்.

பீல்ட் ஸ்டேஜ் வேலை செய்யாட்டி நடுவுல ஒரே ஒரு வெள்ளைக் கோடு நிக்கும். பாக்க வடிவாத்தான் இரிக்கும், ஆனா உடன வெளிச்சத்தைக் குறைங்க, அந்த இடம் பொஸ்பர் எரிஞ்சி ஆயுளுக்கும் தழும்பா நிக்கும்.

கரண்ட் அடிச்சி ஆள் செத்துப் போகாதா?

ஏலும். விளையாட்டில்ல. டிவியை நிப்பாட்டி பிளக்கைக் கழட்டின பிறகும் டியூப் ஒரு கெப்பாசிட்டர் மாதிரி சார்ஜை வெச்சிக்கிட்டு இரிக்கும். கழட்ட முதல், ப்ளாஸ்டிக் பிடி போட்ட ஸ்குரூ ட்ரைவர்ல ஒரு வயரைக் கட்டி, வயர்ட மத்த முனையை டியூப்புட கறுப்புப் பூச்சுக்கு மேலால போற வெறும் கம்பியில கொழுவி, உயர் வோல்ட் வயர் டியூப்புக்குள்ள போற இடத்து ரப்பர் தொப்பிக்குக் கீழால நுனியை விட்டுத் தொடுங்க. ‘டக்’ எண்டும். கொஞ்ச நேரம் விட்டு இன்னொருக்கா தொடுங்க, மிச்சம் வந்து கிடக்கும். ஒரு கை சட்டைப் பொக்கெட்டுக்குள்ள, செருப்பு காலுல, தனிய வேலை செய்யுறதில்ல. உயர் வோல்ட் தட்டினதை விட, தட்டின திடுக்கத்துல கை டியூப் கழுத்துல அடிச்சி உடையுறதுதான் பெரிய ஆபத்து, கண்ணாடி போடுங்க.

வீட்டுக் கரண்ட்ல ஓடுற பழைய பெட்டிக்கு ஏவி வயர் (படமும் சத்தமும் கொண்டு போற வயர்) இழுக்கலாமா?

நிறையப் பெட்டியில ட்ரான்ஸ்போமர் இல்ல, 230 வோல்ட்ட ஒரு பக்கம் நேரா உள்சட்டத்துக்கே போகும். நீங்க இழுத்த ஏவி வயர்ட வெளிப்பக்கத்துலயும் அது நிக்கும், டிவிடி பிளேயரைத் தொடுறவன் பாடு சரி. 230ஐ 230ஆவே, ஆனா நேர் வயர்த் தொடர்பு இல்லாமப் பிரிச்சிக் குடுக்குற ஐசொலேசன் ட்ரான்ஸ்போமர் இல்லாம அதுல கை வெக்காதீங்க. அதாலதான் நான் 12 வோல்ட் பெட்டி மட்டும் கட்டுறன்.

இப்ப என்னத்தைப் பாக்குற, எப்பிடிக் கொழுவுற?

டயலொக் டிவி பெட்டியிலயோ டிவிடியிலயோ மஞ்சள் ஓட்டை இரிக்கே, அதுல வாறது 1 வோல்ட் வீடியோ. நாம கட்டின பெட்டியெண்டா வீடியோ ஸ்டேஜுக்கு நேரா குடுக்கலாம். டியூனர் உள்ள பழைய பெட்டிக்கு ஆர்எப் மொடியூலேட்டர் (வீடியோவை அன்டெனாவுல வாற சனல் மாதிரி ஆக்குற பெட்டி) ஒண்டு நடுவுல போட்டா சரி, படத்துக்கும் சத்தத்துக்கும் இடைவெளி 5.5 மெகாஹேர்ட்ஸ் உள்ளதா பாத்து வாங்குங்க, 6 எண்டு உள்ளதை வாங்கினா படம் வரும் சத்தம் வராது. எச்டிஎம்ஐ மட்டும் உள்ள சாமானுக்கு ஏவியா மாத்துற சின்னப் பெட்டி விக்கிது. அகலப் படம் இதுல நெரிபட்டு நீட்டா வரும், செட்டிங்ல 4க்கு 3 போடுங்க.

முந்தி இவ்வளவு தூரத்துல அன்டெனாவுல எப்பிடிப் பிடிச்சீங்க?

அரசாங்க டிவி ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15ல தொடங்கின, அதுக்கு முதல் 1979 ஏப்ரல் 13ல நாட்டின்ட முதல் டிவி ஐடிஎன். ரூபவாஹினிட அலை வந்தது பிதுருதலாகலை மலை உச்சியில இருந்து, அது 2524 மீட்டர், அங்க இருந்து மட்டக்களப்பு நேர்கோட்டுல 130 கிலோமீட்டர் அளவு, அந்த உயரத்துக்கு 200 கிலோமீட்டர் வரைக்கும் கணக்குப்படி போகும். அதால கமுகு மரத்தை நட்டு உச்சியில அன்டெனாவைக் கட்டி தென்மேற்கைப் பாக்க வெச்சா பூச்சி பூச்சியா எண்டாலும் படம் நிக்கும். அம்பாறை ஆக்கள் மேற்குப் பக்கம் பாக்க வெச்சாங்க. கூரையில ஒருத்தர், வாசல்ல ஒருத்தர், டிவிக்கு முன்னால ஒருத்தர், ‘வருகுதா’, ‘இல்ல’, ‘இப்ப’, ‘ஆ ஆ விடாத, ஐயோ போயிட்டு’. அன்டெனா செய்யுறதெண்டா 200 மெகாஹேர்ட்ஸுக்கு அலுமினியக் குழாய் 71 சென்ரிமீட்டர், நடுவுல வெட்டி ரெண்டு பக்கமும் வயர். சட்டி மூடி கட்டின ஆக்களும் இரிக்காங்க, அதால படம் கூடினதை நான் காணல்ல.

படம் உருளுது, சரியுது, கோடு வருகுது, என்ன செய்ய?

மேல கீழ உருண்டா வேர்ட்டிகல் ஹோல்ட் எண்ட திருகியைத் திருப்புங்க. கயிறு முறுக்கின மாதிரி சரிஞ்சா ஹொரிசொன்டல் ஹோல்ட். மேல அல்லது கீழ படம் குறைஞ்சா பீல்ட் பக்கத்து எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் காஞ்சி போயிட்டு, கேள்வியே இல்லாம மாத்துங்க. தடிச்ச கறுப்புப் பட்டை மெல்ல ஏறினா பவர் பில்டர், பெட்டரியில போட்டுப் பாருங்க, பட்டை போனா சந்தேகமே இல்ல.

நம்மட உப்புக்காத்துக்கு நிக்குமா?

இதுதான் நம்மட பக்கத்துக்கே உரிய தலையிடி. மார்கழி மழையில ப்ளைபேக் வயரடியில ‘சிர்ர்’ எண்டு நீல வெளிச்சம் கசியும், மீன் பொரிக்கிற சத்தம் மாதிரி. தொப்பியைக் கழட்டி ஸ்பிரிட்டால துடைச்சி நல்லா காயவிட்டுத்தான் பூட்டணும். போர்டுக்குப் பின்பக்கம் வார்னிஷ் ஒரு பூச்சு. பெட்டி ஓட்டைகளுக்கு நுளம்பு வலை அடிங்க, பல்லி சூட்டைத் தேடி வந்து லைன் பக்கத்துல படுக்கும், காலையில பல்லியும் இல்ல, ட்ரான்சிஸ்டரும் இல்ல.

பெட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?

12 இஞ்சிப் பெட்டி ஒண்டரை அம்பியருக்குக் கிட்ட இழுக்கும். 40 அம்பியர் அவர் கார் பெட்டரியை பாதிக்கு மேல இறக்கப்படாது, அப்ப 13 மணித்தியாலம். யூபிஎஸ் பெட்டரி 7 அம்பியர் அவர் எண்டா ரெண்டு மணித்தியாலம் சொச்சம், ஒரு படம் பாத்து முடியும், தமிழ்ப் படமெண்டா கிளைமாக்ஸ் சந்தேகம்.

டிவி போட்டா ‘கீ’ எண்டு சத்தம் கேக்குது எண்டு பிள்ளை சொல்லுது, எனக்குக் கேக்கல்ல?

பிள்ளை சொல்லுறது சரி. லைன் ஓடுற 15625ட சத்தம் அது, வயசு போகப் போக காது அந்த உயரத்தை விட்டிரும். என்ட மகளைத்தான் நான் மீட்டரா வெச்சிரிக்கன், போர்டுக்கு கரண்ட் குடுத்திட்டு ‘மனே கேக்குதா’ எண்டு கூப்பிட்டுக் கேப்பன், கேக்குது எண்டா லைன் ஓடுது.

திரைக்கு முன்னால கலர்த் தாள் ஒட்டினா கலர் டிவி ஆகுமா?

மேல நீலம், நடுவுல செம்மஞ்சள், கீழ பச்சை. கடலும் வயலும் காட்டினா வடிவு. செய்தி வாசிக்கிறவர்ட நெத்தி நீலம், தாடி பச்சை.

செத்த டியூப்பை என்ன செய்யுற?

வாவிக்குள்ள எறியாதீங்க, கல்லால அடிச்சி விளையாடவும் குடுக்காதீங்க, கண்ணாடியில ஈயம் இரிக்கும், காத்து போகாத டியூப் எண்டா உள்ளுக்கு இடிஞ்சி துண்டு பறக்கும். கழுத்துச் சுருளைக் கழட்டி வெச்சிக்கங்க, செம்பு விலைக்கு விக்காதீங்க, இன்னொரு பெட்டிக்கு உதவும். டியூப்பை சாக்கால சுத்தி பழைய இலத்திரனியல் சாமான் சேக்குற ஆக்கள்ட்ட குடுங்க. களுவாஞ்சிகுடியில செத்த என்ட டியூப் இன்னும் அலுமாரிக்கு மேலதான் கிடக்கு, மனிசி மூண்டு தரம் கேட்டிட்டா, இந்தக் கிழமை குடுத்திருவன் எண்டு சொல்லியிரிக்கன்.